கச்சரா ரயில் போய்ச் சேர்ந்த ஊர்

மும்பையின் ஹார்பர் பாதையில் குர்லாவைத் தாண்டிச் செம்பூருக்குப் போகும் தண்டவாளம் முதலில் மனிதர்களுக்காகப் போடப்பட்டதல்ல. நகரத்துக் குப்பையை ஏற்றிப்போக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது அது. பயணிகள் ரயில் அதில் ஓடத் தொடங்கியது 1924இல். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குமாஸ்தா வேலை தேடி வந்து மாட்டுங்காவில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை செம்பூரில் வீடு பிடித்தது அதற்கும் பிறகு. அந்தத் தண்டவாளத்துக்குக் கிழக்கே, தாணே கழிமுகத்தின் ஓரமாக, இன்று நாட்டின் மிகப் பழைய, மிகப் பெரிய குப்பை மேடுகளில் ஒன்று நிற்கிறது. தேவ்னார் என்றால் மும்பைக்காரர்களுக்கு ஊர்ப் பெயரல்ல, அந்த மேட்டின் பெயர். அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் புகையைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் முறையிடும்போதெல்லாம் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது: குப்பை முதலில் வந்தது, நீங்கள் பிறகு வந்தீர்கள், தெரிந்தே வந்து குடியேறிவிட்டு இப்போது மூக்கைப் பிடித்தால் எப்படி? கேட்பதற்கு இது நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் தேவ்னாரின் நூற்று இருபத்தைந்து ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் இந்த வாதம் நிற்பதில்லை. ‘எங்கள் வீட்டுப் பக்கத்தில் குப்பை வேண்டாம்’ என்று முதலில் சொன்னவர்கள் தேவ்னார்க்காரர்கள் அல்லர். முதலில் சொன்னவர்களின் குரல் கேட்கப்பட்டதால்தான் தேவ்னார் என்ற மேடே உண்டானது.

பம்பாய் ஏழு தீவுகளாக இருந்து ஒன்றாக்கப்பட்ட ஊர் என்பது பள்ளிப் பாடம். எதைக் கொட்டி ஒன்றாக்கினார்கள் என்பதைப் பாடம் விரித்துச் சொல்வதில்லை. மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் இடையே கடல் உள்ளே புகுந்த வாயை, 1780களில் கவர்னர் ஹார்ன்பி கட்டிய அணை அடைத்தது. அணைக்கு உள்ளே கிடைத்த நிலமோ கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த சதுப்பு. அந்தப் பள்ளங்களை நிரப்ப 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மண்ணும் கல்லும் போயின. கூடவே தெருக் குப்பையும் போனது. ‘பிளாட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தாழ்நிலங்களின் நாற்றம் நகரத்தின் நிரந்தரப் புகார்களில் ஒன்று. மலபார் குன்றிலும் கம்பாலா குன்றிலும் பங்களா கட்டிக்கொண்ட ஐரோப்பியரும் பார்சி, குஜராத்தி வணிகரும் காற்று திசைமாறினால் கீழே அழுகும் குப்பையை முகர வேண்டியிருந்தது. அவர்கள் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், முனிசிபாலிட்டியில் பேசினார்கள், கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது தவறு என்று இன்று எவரும் சொல்லமாட்டார்கள். வீட்டைச் சுற்றிலும் அழுகல் வேண்டாம் என்பது யார் கேட்டாலும் சரியான கோரிக்கைதான்.

அந்தக் கோரிக்கைக்கு வேகம் கொடுத்தது பிளேக். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், தானியக் கிடங்குகளும் நெருக்கமான சால்களும் மண்டிக் கிடந்த இடத்தில், மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் நோயை அடையாளம் கண்டார். சில மாதங்களில் எட்டு லட்சம் பேர் இருந்த நகரம் ஏறக்குறையப் பாதி காலியானது. நோய் எதனால் பரவுகிறது என்று அரசுக்குத் தெரியவில்லை. கெட்ட காற்று, அசுத்தமான மண் என்ற பழைய நம்பிக்கைதான் கொள்கையாக இருந்தது. வீடுகளைக் கழுவிவிட்டார்கள், கார்பாலிக் அமிலம் தெளித்தார்கள், கூரையைப் பிரித்து வெளிச்சம் விட்டார்கள், நோயாளிகளைத் தேடி வீட்டுக்குள் புகுந்தார்கள். அதனால் 1898இல் கலவரமே வெடித்தது. அதே 1898இல் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று கண்டார். உடனே யாரும் நம்பவில்லை. விளைவு விசித்திரமானது. நாற்றம்தான் கொல்கிறது என்ற தவறான காரணத்துக்காக, குப்பையைக் குடியிருப்பிலிருந்து அகற்ற வேண்டும் என்ற சரியான முடிவுக்கு அரசு வந்தது. எங்கே அகற்றுவது என்பதில்தான் கோணல்.

1897இல் முனிசிபாலிட்டி தேவ்னாரில் 823 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கியது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் மகாலட்சுமியிலிருந்து குப்பை ரயில் கிளம்பியது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கச்சரா ரயில். ஏன் தேவ்னார்? அரசுக் குறிப்புகளின் மொழியில் சொன்னால் அது ஆளில்லாத சதுப்பு, நகரத்திலிருந்து தூரம். முதலாவது பாதி உண்மை. டிராம்பே தீவிலும் செம்பூரிலும் கோலி மீனவர்கள் இருந்தார்கள். உப்பளத்திலும் வயலிலும் உழைத்த ஆக்ரிகள் இருந்தார்கள். இரண்டாவது முழு உண்மை, அதுதான் விஷயமே. பம்பாய் நகரின் எல்லை அன்று மாஹிமோடும் சயனோடும் முடிந்தது. நகரசபையில் வாக்குரிமை வரி கட்டிய நகரவாசிகளுக்கு மட்டும். எல்லைக்கு வெளியே இருந்தவருக்கு அங்கே உறுப்பினரும் இல்லை, ஓட்டும் இல்லை. நகரம் தன் எல்லையை விரித்துச் செம்பூர்ப் பகுதியை உள்ளே சேர்த்துக்கொண்டது 1950இல். அதாவது, ஐம்பது ஆண்டுகள் குப்பையை அனுப்பிய பிறகுதான் குப்பை வாங்கிய ஊருக்கு அதைப் பற்றி ஓட்டுப்போடும் உரிமை வந்தது. மகாலட்சுமியின் மறுப்பு மனுவாகப் பதிவானது. டிராம்பேயின் மறுப்பைப் பதிவு செய்ய ஏடே இல்லை. பழைய ஆவணங்களில் எதிர்ப்பு எதையும் காணோமே என்று யாராவது கேட்டால், அதற்கு இதுதான் காரணம்.

இனி, யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வி. மாநகராட்சிக் கணக்கில் குப்பைக் கிடங்கு முறையாகத் தொடங்கிய ஆண்டு 1927. அதன் பிறகு நகரம் எதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லையோ அதெல்லாம் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்தது. 1950களின் நடுவில் மாஹூலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் அனல்மின் நிலையம், அணுசக்தி ஆய்வு நிலையம். அடுத்த பத்தாண்டில் உரத் தொழிற்சாலை. 1971இல் பாந்த்ராவிலிருந்து இறைச்சிக் கூடம். வேண்டாத பொருள்கள் வந்த வழியே வேண்டாத மனிதர்களும் அனுப்பப்பட்டார்கள். நகரத்தின் நடுவே இடித்துத் தள்ளிய குடிசைகளின் மக்களை 1950களையொட்டி மண்டாலாவில் இறக்கிவிட்டார்கள். அதற்கு ஜனதா காலனி என்று பெயர். 1970களில் தேவ்னார் மேட்டின் விளிம்பிலேயே சிவாஜி நகர், பைங்கன்வாடி என மாநகராட்சி மனை பிரித்து, நகரத்துச் சேரிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்கு ஆளுக்குப் பத்துக்குப் பதினைந்தடி கொடுத்தது. 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலையின்போது, அணுசக்தி நிலையத்துக்கு நிலம் தேவை என்று ஜனதா காலனியையும் காலி செய்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப் என்ற சதுப்புக்குத் தள்ளினார்கள். இன்றும் சீத்தா கேம்பின் சந்துகளில் தமிழ் கேட்கும். குடியிருப்போர் ‘வந்தார்கள்’ என்ற வினைச்சொல்லே இங்கே பொய். கொண்டுவந்து போட்டார்கள். குப்பையைக் கொண்டுவந்த அதே நிர்வாகம்தான் மனிதர்களையும் கொண்டுவந்தது. ஒரு கையால் இரண்டையும் வைத்துவிட்டு மற்றொரு கையால், குப்பை இருக்கும் இடத்துக்கு நீ ஏன் வந்தாய் என்று சுட்டிக்காட்டுகிறது.

ஜனதா காலனிக்காக வழக்காடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாயில் தச்சு வேலை செய்தவர், பிற்காலத்தில் ராமன் மகசேசே விருது பெற்றவர். அவருடைய பொதுவாழ்வு ஒரு குப்பைப் போராட்டத்தில்தான் தொடங்கியது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. நகரமே தன் குப்பையை அனுப்பும் பகுதியில் இருந்த அந்தக் காலனியின் குப்பையை அள்ள மாநகராட்சி வண்டி வரவில்லை. 1960களில் அற்புதம் காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தார். அதன் பிறகு வண்டி வந்தது. எனக்குத் தெரிந்து, குப்பையின் அரசியலை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன செயல் வேறில்லை. குப்பை எங்கே கிடந்தால் நடவடிக்கை வரும் என்பதை அந்தப் பிள்ளைகள் ஒரு பகலில் நிரூபித்துவிட்டார்கள்.

1900இன் குப்பையும் இன்றைய குப்பையும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அன்று ரயிலில் போனது சாம்பல், வைக்கோல், சாணி, தெருப்புழுதி, சமையலறைக் கழிவு. மக்கி மண்ணாகும், சதுப்பைத் தூர்க்கும், பிறகு வயலாகலாம் என்றுகூட அன்றைய பொறியாளர்கள் எண்ணினார்கள். பிளாஸ்டிக் வந்தபின் அந்தக் கணக்கு முறிந்தது. ஈரக் கழிவு பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றுப் புகாமல் அமுங்கும்போது மீத்தேன் உண்டாகிறது. மேடு உள்ளே கனன்றுகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் கறுப்பாக வடியும் சாறு அடியில் விரிப்பு எதுவும் இல்லாத தரை வழியே கழிமுகத்துக்குப் போகிறது. தூர்க்கலாம் என்று நினைத்த நிலத்தில் ஏறக்குறைய 130 ஹெக்டேர் பரப்புக்கு மலை எழுந்தது; அதன் சில சிகரங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களின் உயரம். 2016 ஜனவரி இறுதியில் அது பற்றி எரிந்தபோது புகைப் படலத்தை விண்வெளியிலிருந்தே நாசாவின் செயற்கைக்கோள் படம் எடுத்தது, பள்ளிகளை மூடினார்கள். எந்தச் சதுப்பை வெறும் பொட்டல் என்று 1897இல் எழுதினார்களோ அதன் தொடர்ச்சியான தாணே கழிமுகம் 2022இல் ராம்சார் ஈரநிலமானது. பூநாரைகள் இறங்கும் இடத்துக்கும் மேட்டுக்கும் பெரிய தூரமில்லை.

இத்தனைக்கும் மும்பை தன் குப்பைக் கிடங்கு எதையுமே மூடியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மலாடின் சிஞ்சோலி பந்தர் கிடங்கு மூடப்பட்டது. போரிவலிக்கு அருகே கோராயில் இருந்த மேட்டை, குடியிருப்போர் நீதிமன்றம் வரை போனபின், 2000களின் இறுதியில் முறைப்படி மூடிப் புல் போர்த்தினார்கள். முலுண்டில் 1968இல் தொடங்கிய கிடங்கு 2018இல் மூடப்பட்டது. மூன்றும் தேவ்னாரைவிடச் சிறியவை, இளையவை. மூன்றைச் சுற்றியும் வீட்டுவசதிச் சங்கங்கள், வழக்கறிஞர்கள், நிலத்துக்கு ஏறிய விலை. எல்லாவற்றிலும் மூத்த தேவ்னார் மட்டும் திறந்தே இருந்தது. அது இருக்கும் எம்-கிழக்கு வார்டு, மாநகராட்சியே வெளியிட்ட 2009ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரின் எல்லா வார்டுகளிலும் கடைசி. தற்செயலாக இப்படி அமையலாம் என்று ஒருவர் சொல்லலாம். 1897, 1927, 1950கள், 1976, 2018 என்று ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் விழும் காசைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016 தீக்குப் பிறகு உயர்நீதிமன்றம் என்ன செய்தது என்பதும் இதற்கு ஒரு சான்று. குப்பையை விதிப்படி கையாளும் வரை மும்பையில் புதிய கட்டடங்களுக்கு அனுமதி இல்லை என்று பிப்ரவரி மாதம் தடை போட்டது. புகையைப் பற்றிய புகார்கள் பல ஆண்டுகளாக அசைக்காத நிர்வாகத்தைக் கட்டுமானத் தொழிலின் அலறல் அசைத்தது. 2018இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது.

எதிர்வாதங்களில் வலுவானது வேறொன்று. குப்பையை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? மும்பை நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. ஒவ்வொரு தெருவும் ‘இங்கே வேண்டாம்’ என்றால் அது வானத்திலா போகும்? இந்த வாதத்தை ஏளனம் செய்ய முடியாது. தேவ்னாருக்கு மாற்றாகக் காஞ்சூர்மார்க்கில் நவீன முறையில் அமைத்த கிடங்குக்கு இன்று நகரக் குப்பையின் பெரும்பகுதி போகிறது. அங்கே சுற்றியிருக்கும் விக்ரோலிக்காரர்கள் நாற்றம் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். அம்பர்நாத் வட்டத்தில் கரவலே என்ற கிராமத்தில் நிலம் பார்த்தார்கள், கிராமத்தார் மறுத்தார்கள். தேவ்னாரை ஒட்டிய கோவண்டியின் மக்கள் பல ஆண்டு எதிர்த்த மருத்துவக் கழிவு எரிஉலையை இரண்டு ஆண்டுகளுக்குள் இடம் மாற்றச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்றிடம்? ராய்கட் மாவட்டத்தின் காலாப்பூர் வட்டம். நகர எல்லைக்கு வெளியே, ஓட்டு இல்லாத இடம். 1897இன் தீர்வு அப்படியே. ஆக, இடம் மாற்றுவது மட்டுமே வெற்றியானால் அது அடுத்தவன் தலையில் கட்டிய வெற்றி என்பதை எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ‘எங்காவது’ என்ற சொல்லுக்குள் ஒரு கள்ளம் ஒளிந்திருக்கிறது. இருப்பது முழுவதையும் ஒரே இடத்தில், கலந்தபடியே கொட்டியாக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் ‘எங்கே’ என்று கேட்கிறார்கள். மும்பைக் குப்பையில் பெரும்பங்கு மக்கக்கூடிய ஈரக் கழிவு. அதை வீட்டிலும் வளாகத்திலும் பிரித்துவிட்டால் மேட்டுக்குப் போக மிச்சம் அதிகமில்லை. இது கற்பனையும் அல்ல. 1990களின் பிற்பாதியில் காட்கோபரில் ஒரு சந்தில் தொடங்கிய குடியிருப்போர் குழுக்கள் பிரித்துக் காட்டின. ஸ்திரீ முக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு குப்பை பொறுக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து உரக்குழிகளை நடத்த வைத்தது. டிராம்பேயில் இருக்கும் அணுசக்தி நிலையத்திலேயே விஞ்ஞானி ஷரத் காலே, ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ‘நிசர்கருணா’ முறையை உருவாக்கினார். 2017இல் மாநகராட்சி, நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு போடும் பெரிய வளாகங்கள் ஈரக் கழிவைத் தாங்களே கையாள வேண்டும் என்று விதித்தது. முணுமுணுத்த வளாகங்கள் ஏராளம். கவனித்தால், இங்கே மறுப்பவர்கள் யாரென்பது தலைகீழாகிவிட்டது. தன் குப்பையைத் தன் வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னால் ‘எங்கள் வீட்டருகே வேண்டாம்’ என்று சொல்வது கோபுரக் குடியிருப்புகள். அதைச் சுயநலம் என்று யாரும் பெயரிட்டுப் பழிப்பதில்லை.

நவீனத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, இனிப் பயம் வேண்டாம் என்பது மற்றொரு பதில். இதற்கு வரலாறு ஒன்றுக்கு இரண்டாகச் சாட்சி வைத்திருக்கிறது. தில்லியின் திமார்பூரில் 1987இல் கட்டிய எரிஉலை, இந்தியக் குப்பையின் ஈரத்தால் எரிய மறுத்துச் சில வாரங்களில் நின்றது. மலாடில் மூடிய கிடங்கின் மேல் எழுந்த கண்ணாடி அலுவலகங்களில், அடியிலிருந்து வந்த வாயு பட்டுக் கணினிகள் கெட்டன என்று 2000களில் நிறுவனங்களே புகார் செய்தன. இயந்திரத்துக்கு வந்த கேடு செய்தியானது. அதே வகைக் காற்றை மூச்சாக இழுத்த மனிதர்களின் புகார் ஆதாரமற்றதாகத் தள்ளப்பட்டது. கோவண்டியில் காசநோய் மிகுதி என்பதற்குப் புகைதான் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நெரிசலுக்கும் அரைவயிற்றுக்கும் அதில் பங்கு உண்டு. எந்தப் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்லும் கடமை அங்கே மேட்டை வைத்தவர்களுடையது, மேட்டின் அடியில் இருமுகிறவர்களுடையது அன்று. மேட்டை மூடினால் அதை நம்பிப் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, 2016க்குப் பிறகு சுவர் எழுப்பிக் காவல் போட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் துயரம். பிரித்த குப்பையைக் கையாளும் வேலைக்கு அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இல்லை. கூலி கொடுத்து அழைத்தால் போதும்.

2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே 200 மீட்டர் வேண்டும் என்று விதித்தன. புதிய கிடங்கை வீட்டருகே வைக்கக் கூடாது என்றுதான் விதியை எழுதியவர்கள் யோசித்தார்கள். கிடங்கின் மேலேயே வீட்டை வைக்கும் யோசனை ஒன்று வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு தேவ்னாரின் 311 ஏக்கரில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது. தாராவியில் வீடு பெறத் தகுதியில்லை என்று கணக்கெடுப்பு தள்ளுபவர்களுக்கு அங்கே வீடு. தாராவியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாற்றம் என்று நகரம் விரட்டிய தோல் பதனிடும் பட்டறைகளால் உருவானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அந்தத் தோலில் உழைத்தார்கள், சேற்றையும் குப்பையையும் கொட்டி மேடாக்கி அந்த நிலத்தை உண்டாக்கினார்கள். அந்த நிலம் இன்று விலை போகிறது. தேவ்னாரில் குவிந்திருக்கும் 185 லட்சம் டன் குப்பையை மூன்று ஆண்டுகளில் அகற்ற 2025இல் 2,368 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். நூறாண்டு ஊறிய மண் அதற்குள் சுத்தமாகிவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள். நம்பலாம், ஒரு வேலையை முதலில் செய்துவிட்டால். அந்த 124 ஏக்கரின் மண், நிலத்தடி நீர், வாயு ஆகியவற்றின் அளவீடுகளை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சிட்டுத் தாராவியின் ஒவ்வொரு சந்திலும் ஒட்டட்டும். அதன் பிறகு வீட்டுச் சாவியை நீட்டட்டும்.